ஞானசௌந்தரி கேட்காமல் விட்ட கேள்வி

எங்கள் ஆபீஸில் எதை வாங்குவதாக இருந்தாலும் ஞானசௌந்தரி மேடம் ஒரு கேள்வி கேட்பார். துடைப்பம், டியூப்லைட், கமிஷனர் அறைக்கு சோபா, எதுவானாலும் சரி. விற்க வந்தவர் விலையைச் சொல்லி, தள்ளுபடியைச் சொல்லி, நாங்கள் வாங்கிக்கொடுத்த டீயையும் குடித்து முடிக்கும்வரை பேசாமல் இருப்பார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்பார்.

"இது செத்தா எங்க போகும்?"

வந்தவர் திருதிருவென்று விழிப்பார். புது சோபா விற்க வந்தவரிடம் அதன் சாவைப் பற்றி விசாரித்தால் அவர்தான் என்ன செய்வார்? சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் உதவிக்கு என்னைப் பார்ப்பார்கள். நான் ஜன்னலைப் பார்ப்பேன். ஆபீஸில் அவருக்கு 'சாவு மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

நான் லக்ஷ்மிநாராயணன். சிற்றேரிப்பாக்கம் நகராட்சியின் கொள்முதல் பிரிவில் உதவியாளர். மேடம்தான் பிரிவின் சூப்பரிண்டெண்டண்ட். எனக்கு எதிர் மேஜை. சிற்றேரிப்பாக்கம் மேடவாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு ஏரி, அந்த ஏரிக்குள்ளேயே கட்டிய அபார்ட்மெண்ட்டுகள், அந்த அபார்ட்மெண்ட்டுகளுக்கு விடியவிடியத் தண்ணீர் கொண்டுவரும் லாரிகள், இவ்வளவுதான் ஊர். இந்த ஊருக்கு என்ன வாங்க வேண்டுமோ அதை நாங்கள் வாங்குவோம்.

மேடம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேலையூரில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். ஒருமுறை பஸ்ஸில் போகும்போது சதுப்பு நிலத்துக் குப்பை மேட்டில் எங்கள் ஆபீஸ் நாற்காலி ஒன்றைப் பார்த்தாராம். முதுகில் வெள்ளைப் பெயிண்டில் எங்கள் நகராட்சி எழுத்தும் எண்ணும் அப்படியே இருந்ததாம். நம்ம வீட்டுப் பிள்ளையைத் தெருவில் பார்த்த மாதிரி இருந்தது என்றார். அதற்கப்புறம்தான் இந்தக் கேள்வி ஆரம்பித்தது. வாங்குகிற ஒவ்வொரு பொருளிலும் வெள்ளைப் பெயிண்டால் எண் போடுவதையும் அவர் விடவேயில்லை. பெயிண்டர் வராத நாளில் அவரே பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் போடுகிற ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு இருக்கும்.

அரசாங்க ஆபீஸ் வெளியாட்களுக்குப் புரியாது. வாங்கும்போது இருப்பதிலேயே குறைந்த விலை, விற்கும்போது இருப்பதிலேயே அதிக விலை. இது தவிர எங்களுக்கு வேறு வேதம் கிடையாது. மேடம் அதற்குள் புகுந்துதான் சண்டை போட்டார். பாதரசம் உள்ள விளக்கு வேண்டாம் என்றார். ஃப்ளெக்ஸ் பேனருக்குப் பதில் துணி என்றார். பாதி தோற்றார், பாதி ஜெயித்தார். ஜெயித்ததில் பெரியது குப்பை வண்டி. டீசல் வண்டிக்குப் பதில் பேட்டரி வண்டி வாங்க வைத்தார். பேட்டரி செத்தால் விற்ற கம்பெனியே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் டெண்டரில் எழுதினார். தணிக்கைக்கு வந்தவர், வண்டி வாங்கியிருக்கிறீர்களே, என்ஜின் ஆயில் வாங்கின கணக்கு எங்கே என்று கேட்டார். என்ஜினே இல்லாத வண்டிக்கு ஏன் ஆயில் வாங்கவில்லை என்று விளக்கம் எழுதியது நான்தான்.

அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்ட வந்தவள் வினிதா. பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஐந்தாவது மாடியில் ஒரு வீடு. நகரத்து ஆற்றோரத்தில் இருந்தவர்களை அரசாங்கம் அங்கே கொண்டுவந்து இறக்கியபோது வந்த குடும்பம். காண்ட்ராக்டில் துப்புரவு வேலை. வயிற்றில் பிள்ளையோடு குப்பைத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் ஆபீஸ் வாசலைத் தாண்டிப் போவாள். சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. ஜெயஸ்ரீ என்று பெயர் வைத்தாள். தையல் ஆறியும் ஆறாமலும் மறுபடி தள்ளுவண்டிக்கு வந்தவளைத்தான் மேடம் டிரைவிங் பழக அனுப்பினார்.

காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் முதல் தடவை வண்டியைக் கிளப்பின அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆயுத பூஜை வந்தது. வண்டிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு வரிசையாக நிறுத்தினார்கள். சக்கரத்தடியில் வைக்கிற எலுமிச்சம்பழத் தட்டை வினிதா நேராக மேடத்திடம் கொண்டுவந்தாள்.

"வாங்குன கை வெக்கட்டும் மேடம்."

நான் சர்ச்சுக்குப் போகிறவள் அம்மா என்றார் மேடம். எலுமிச்சம்பழத்துக்கு சர்ச்சு இன்னா, கோயில் இன்னா தெரியும் என்றாள் வினிதா. மேடம் சிரித்துவிட்டார். முட்டிவலியோடு குனிந்து ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் பழம் வைத்தார். வினிதா நசுக்கிக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தாள். எல்லாரும் கை தட்டினோம். எங்கள் ஆபீஸில் மனசார நடந்த காரியங்கள் ரொம்பக் குறைவு. அது ஒன்று.

வண்டியில் ஒரு ரெக்கார்டு ஓடும். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுங்கள் என்று ஒரு பெண்குரல் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகும். நமக்கெல்லாம் அது தலைவலி. ஜெயஸ்ரீக்கு அதுதான் தாலாட்டு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாட்களில் வினிதா அவளை ஆபீஸ் வராந்தாவில் விட்டுவிட்டுப் போவாள். எங்கள் நாற்காலிக்கு நாற்காலி வந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மக்கு குப்ப, மக்கா குப்ப" என்று சொல்லும். மேடம் 'மக்கும் குப்பை?' என்று எடுத்துக்கொடுத்தால் போதும், 'மக்கா குப்ப!' என்று முடித்துவிட்டுக் கையை நீட்டும். மேடம் மேஜை டிராயரில் அதற்காகவே கடலை மிட்டாய் வைத்திருந்தார். பிள்ளை பெறாத அந்த மனுஷி அந்தக் குழந்தையைப் பார்த்த பார்வையை நான் என் வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

மூன்றாவது வருஷம் பேட்டரிகள் செத்தன. ஒவ்வொன்றாக வண்டிகள் நின்றன. திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டிய கம்பெனியைத் தேடிப் போனால் அந்த விலாசத்தில் பிரியாணிக் கடை இருந்தது. குறைந்த விலைக்குக் கொடுத்த கம்பெனி குறைந்த நாளே உயிரோடு இருந்தது. மேடம் எழுதின நிபந்தனை காகிதத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது.

சரி, புது பேட்டரி வாங்கலாம் என்றால் அதற்கும் ஒரு விதி. பழையதை ஏலம் விட்டுக் கணக்கை முடித்தால்தான் புதியதற்கு அனுமதி. மேடம் ஏல அறிவிப்பில், அரசு அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலைக்காரர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம் என்று ஒரு வரி போட்டார். பேட்டரிக்குள் இருப்பது ஈயம், கண்டவன் கையில் போகக் கூடாது என்றார். ஒரே ஒருவர் வந்தார். கேட்ட விலை குறைவு. இந்த விலைக்குக் கொடுத்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்று கமிஷனர் ஏலத்தை ரத்து செய்தார். இரண்டாம் தடவை அந்த ஒருவரும் வரவில்லை. செத்த பேட்டரிகள் ஷெட்டில் அடுக்கிக் கிடந்தன, வண்டிகள் வெளியே வெயிலில் கிடந்தன, பெண்கள் மறுபடி தள்ளுவண்டிக்குப் போனார்கள். தள்ளுவண்டியும் எல்லாருக்கும் இல்லை.

ஒருநாள் மத்தியானம் வினிதா வந்து மேடத்தின் மேஜை முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. வண்டி ஓடாவிட்டால் அடுத்த மாசத்திலிருந்து வரவேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டாராம். புருஷன் குமரேசனுக்கும் வேலை இல்லை.

"ஒரு வரின்றாங்கோ மேடம். நீங்க எழுதுன ஒரு வரியாலதான் வண்டி நின்னுகினு கீதாம். அது நெசமா?"

நிஜம்தான் அம்மா என்றார் மேடம். வினிதா அழவில்லை, சண்டையும் போடவில்லை. எனக்கு வண்டி வேணும் மேடம் என்று மட்டும் சொன்னாள். அவள் போன பிறகு மேடம் ஏலக் குறிப்பை எடுத்து அந்த வரியை அடித்தார். பேனாவை மூடும்போது, இந்த ஒரு தடவை சார் என்றார் என்னிடம். நான் அவருக்குத் தைரியம் சொன்னேன். ஊரே செய்கிற காரியம்தானே, வானம் இடிந்தா விழப்போகிறது?

மூன்றாம் ஏலத்துக்குக் கூட்டம் வந்தது. மறுசுழற்சி ஆலைக்காரர் கேட்டதைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கேட்டு ஒருவர் எடுத்தார். புகைக்கூண்டு கட்டாதவனுக்கும், வேலைக்காரனுக்குக் கையுறை வாங்கித் தராதவனுக்கும் அந்த விலை கட்டுப்படியாகும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். கமிஷனருக்கு ரொம்ப சந்தோஷம். அந்த ஆள் எங்கள் மேஜை முன்னால் நின்று கையெழுத்துப் போட்டார். மேடம் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். எதுவும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் நன்றாக நடந்தது. புது பேட்டரி வந்தது. வண்டிகள் ஓடின. வினிதா காக்கிக் கோட்டோடு வந்து, தன் புருஷனுக்கும் வேலை கிடைத்துவிட்டது என்று இனிப்பு கொடுத்தாள். பெரும்பாக்கத்தைத் தாண்டி ஏதோ ஒரு ஷெட்டில் லோடு இறக்குகிற வேலை என்றாள். மேடம் கண்ணை மூடிக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். என்ன லோடு என்று அவர் கேட்கவில்லை. நாங்கள் யாருமே கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் கீரை வர ஆரம்பித்தது. அங்கன்வாடிக்கு வந்த நர்ஸ் ஜெயஸ்ரீயின் கண்ணை இழுத்துப் பார்த்து, ரத்தம் கம்மியாக இருக்கிறது, கீரை நிறையக் கொடு என்று சொன்னாராம். காசு கொடுத்து வாங்குவானேன் என்று வினிதா வீட்டு வாசல் நடைவழியிலேயே சிறுகீரை போட்டாள். தொட்டிக்கு அலையவில்லை. குமரேசன் வேலை செய்கிற இடத்திலிருந்து காலிப் பெட்டி கொண்டுவந்தான். குழந்தை வெளுக்க வெளுக்க அவள் இன்னும் இரண்டு பெட்டியில் விதைத்தாள். மேடத்துக்கும் ஒரு கட்டு, எனக்கும் ஒரு கட்டு. என் மனைவி பூண்டு போட்டுக் கடைந்தாள். நன்றாக இருந்தது என்று சொல்லி அனுப்பினேன்.

மேடம் ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவில் பளபளவென்று ஒரு கேடயம் கொடுத்தார்கள், மேலே மூன்று சுற்றுப் பிளாஸ்டிக். அதைக் கையில் வாங்கிக்கொண்டு மைக்கில், "இது செத்தா எங்க போகும்?" என்றார். கமிஷனரே சிரித்தார். அந்தக் கேள்வி என் காதில் விழுந்த கடைசித் தடவை அதுதான் என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மேடம் எனக்குப் போன் செய்தார். ஜெயஸ்ரீக்கு வலிப்பு வந்து, பக்கத்து டாக்டர் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். பார்க்கப் போக வேண்டும், கூட வருகிறீர்களா என்றார். தாம்பரத்திலிருந்து ஆட்டோவில் பெரும்பாக்கம் போனோம். லிஃப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மேடம் ஏறினார். கையில் கடலை மிட்டாய்ப் பொட்டலம்.

குழந்தை அம்மா மடியில் கிடந்தது. காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. மேடம் தரையில் உட்கார்ந்து, "மக்கும் குப்பை?" என்று எடுத்துக்கொடுத்தார். குழந்தை அவரைப் பார்த்தது. பதில் வரவில்லை. இப்பல்லாம் பேசறதே இல்ல மேடம், வயிறு வலிக்குதுன்னு மட்டும் அழுவுது, நேத்திலேருந்து அதுவும் இல்ல என்றாள் வினிதா. மேடம் கண்ணைத் துடைத்துக்கொள்ள எழுந்து வெளியே நடைவழிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

சுவரோரமாகக் கீரைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. கறுப்புப் பெட்டிகள், மேல்பக்கம் அறுத்து எடுத்தவை, உள்ளே ஆறு ஆறு தடுப்பு. தடுப்புக்குத் தடுப்பு கீரை தளதளவென்று இருந்தது. ஒரு பெட்டியின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்ட். எங்கள் நகராட்சி எழுத்து, ஒரு எண். அந்த எண்ணில் இருந்த ஏழின் நடுவில் ஒரு சின்னக் கோடு.

மேடம் அந்தப் பெட்டி முன்னால் தரையில் உட்கார்ந்தார். அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார். உள்ளே கொடியில் குமரேசனின் வேலைச் சட்டை சாம்பல் படிந்து தொங்கியது. அதன் கீழேதான் குழந்தையின் பாய்.

"இந்தப் பெட்டி எங்கேருந்தும்மா வந்துச்சு?" என்று கேட்டார். எத்தனையோ வருஷமாகக் கேட்ட கேள்விதான், இந்தத் தடவை தலைகீழாக. உள்ளேயிருந்தே வினிதா சொன்னாள். அவர் பேட்டரி ஒடைக்கிற ஷெட்டுலதான் மேடம் கீறாரு, ஏன், கீரைக்கு ஆவாதா என்றாள்.

அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈயம் உள்ளே போயிருக்கும் என்று மேடம்தான் டாக்டரிடம் சொன்னார். ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டரும் அதையே சொன்னார். வெளுப்புக்குக் காரணமும் அதுதானாம். அப்பன் சட்டையில் வந்த தூசி, பெட்டியில் ஒட்டியிருந்தது, அதில் வளர்ந்த கீரை என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். ரத்தம் ஊறட்டும் என்று அந்தத் தாய் ஊட்டிய ஒவ்வொரு கவளமும் விஷம். குமரேசன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். புகார் கொடுத்தோம். அதிகாரிகள் போனபோது ஷெட் காலியாக இருந்தது, தரை மட்டும் கறுப்பாக இருந்ததாம்.

குழந்தை பிழைத்தது. பேச்சு வரலாம், வராமலும் போகலாம், மூளையைத் தொட்டதைத் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் மேடம் வினிதாவை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். அந்த வரி எதற்காக எழுதப்பட்டது, அதை அடித்த கை யாருடையது, பெட்டியில் இருந்த எண்ணை எழுதின கை யாருடையது, ஒன்றையும் மறைக்கவில்லை. நீ என்ன வேணா சொல்லும்மா, நான் கேட்டுக்கறேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் பக்கத்தில் நின்றேன். வினிதா மேடத்தின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க மேடம். நான்தான வந்து வண்டி வேணும்னு கேட்டேன்."

மேடம் அழுததை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். சத்தம் வராமல், உடம்பு மட்டும் குலுங்குகிற அழுகை. அந்தப் பெண் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது? என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சேலையூருக்கு மேடத்தைப் பார்க்கப் போனேன். கார் நிறுத்துகிற இடத்தில் தார்ப்பாய் போட்டு எதையோ மூடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. கீரைப் பெட்டிகள், மண்ணோடு. அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலைக்காரர்களிடம் மேடம் கேட்டுப் பார்த்தாராம். இவ்வளவு கொஞ்சத்துக்கெல்லாம் வண்டி அனுப்ப முடியாது என்றார்களாம். குப்பையில் போட மேடத்துக்கு மனசு வரவில்லை. அப்படியானால் இதெல்லாம் எங்கே போகும் மேடம் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எங்கயும் போகாது சார். இங்கயே இருக்கட்டும். நான் இருக்கேன் இல்ல."

ஹாலுக்குள் வினிதா உட்கார்ந்திருந்தாள். லீவு நாளில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவாளாம். ஜெயஸ்ரீ தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மேடம் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். உள்ளங்கையில் ஒரு கடலை மிட்டாயை வைத்துக்கொண்டு, "மக்கும் குப்பை?" என்றார். காத்திருந்தார். மறுபடி சொன்னார். மறுபடி காத்திருந்தார். வினிதா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். குழந்தை மிட்டாயைப் பார்க்கவில்லை. மேடத்தின் வாய் திறந்து திறந்து மூடுவதையே பார்த்துக்கொண்டிருந்தது.